சீட்டுக்கு அடியில் ஒரு ஜாடி

தாயம்மாவுக்கு உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பு ஓய்ந்துவிட்டது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சின்ன வயதில் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால்மரம் சீவப் போனவள். மேட்டுக்காட்டில் ஏறி இறங்கிப் பால் வாளி தூக்கித் தோள் காய்த்துப் போனவள். அப்போதெல்லாம் வராத அலுப்பு இப்போது வேன் ஓட்டும்போது வருகிறது. இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வலது முழங்கால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முணுமுணுக்கிறது. அறுபதை எட்டப்போகிறவள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வண்டி ஓட்டினால் முழங்கால் பாட்டா பாடும்?

ரெம்பா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவள் தோட்டம். தோட்டம் என்று சொல்வதே பழக்கதோஷம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையோடு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், தமிழர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பாரோய் பக்கமும் செனவாங் பக்கமும் வீடு மாறிப் போனார்கள். மாரியம்மன் கோயிலும் அதை ஒட்டி ஒரு வரிசை வீடும்தான் மிச்சம். அந்த வரிசையில் இருக்கிறவர்களுக்கு வேலை எல்லாம் வெளியே. பஸ் வருகிற ரோட்டுக்கோ நடந்தே கால் வீங்கிவிடும். அதனால் எல்லாருக்கும் தாயம்மாவின் வேன்தான் கதி. முப்பத்தைந்து வயதில் லைசென்ஸ் எடுத்து, பலர் ஓட்டிக் கழித்த ஒரு பெட்டி வேனை வாங்கினாள். அந்தக் காலத்து வண்டி. எஞ்சின் முன்னால் இல்லை, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அவள் இத்தனை வருஷமாக எஞ்சின் மேல்தான் உட்கார்ந்து சம்பாதித்தாள்.

காலையில் அந்த வரிசை மங்கம்மாவையும் அவள் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு செனவாங் பேக்டரியில் விட வேண்டும், மத்தியானத்துக்கு மேல் திரும்பக் கூட்டி வர வேண்டும். அது ஒரு ட்ரிப். சாயங்காலம் கடைசி வீட்டுக்காரி பஞ்சாலையும் இன்னும் மூன்று பெண்களும் சிரம்பானுக்கு ஆபிஸ் கூட்டப் போவார்கள். அது இன்னொரு ட்ரிப். காலை ட்ரிப்பில் வருவது வண்டிக்கே சரியாகிவிடும், பெட்ரோல் எண்ணெய் அடிக்கவும் டயர் மாற்றவும். வீட்டில் அடுப்பு எரிவது சாயங்கால ட்ரிப்பில்தான்.

அந்தச் சாயங்கால ட்ரிப்தான் அவளைத் தின்றது. ஆபிஸ்காரர்கள் கிளம்பிப் போனபிறகுதான் கூட்ட முடியும். இவர்கள் கூட்டித் துடைத்துவிட்டு இறங்கி வருகிறவரை தாயம்மா வண்டிக்குள்ளேயே கிடக்க வேண்டும், வீட்டுக்குப் போய்த் திரும்பி வர எண்ணெய்ச் செலவு கட்டாது. கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் வேக்காடு. தூங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு நாள் கண்ணயர்ந்தபோது எவனோ கதவைத் திறந்து கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடையாள அட்டை, லைசென்ஸ், கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து, எல்லாம் போயிற்று. அன்றிலிருந்து கண்ணை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மனுஷி வேறொன்றும் கேட்கவில்லை. பொழுது சாயும்போது சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அவள் புருஷன் சன்னாசி. தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தவர். வேலை போனபின் புல் வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு பங்களா வீடுகளுக்கும் பள்ளிக்கூடத் திடலுக்கும் போனார். ஒரு நாள் மிஷின் கத்தியில் பட்டுத் தெறித்த கல் இடது கண்ணைக் கெடுத்துவிட்டது. கண்ணோடு லைசென்ஸும் போயிற்று. தாயம்மா அன்றைக்கே மிஷினைத் தூக்கிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டாள்.

"இன்னொரு கண்ணு இருக்குதுன்னு திமிரா இருக்காதீங்க. இத இனிமே தொட்டீங்கன்னா நா இந்த வூட்ல இருக்க மாட்டேன்," என்றாள்.

தொடவில்லை. சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? பெட்ரோலை ஆவியாக்கும் பைத்தியம் அவரைப் பிடித்தது. அதற்கு வித்து சின்ன வயதில் விழுந்தது. அப்போது தோட்டத்தில் ஒரு டிராக்டர் இருந்தது. அதைப் பெட்ரோலில் கிளப்புவார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் ஒரு குழாயைத் திருப்பினால் மண்ணெண்ணெயிலேயே ஓடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக எரியாது, சூட்டில் ஆவியானால் எரியும். மண்ணெண்ணெய்க்கே இப்படி என்றால் பெட்ரோலுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றியதை ஐம்பது வருஷமாக மனசில் போட்டு வைத்திருந்தார்.

"பெட்ரோலு எஞ்சினுக்குள்ள சொட்டுச் சொட்டாத்தான் போவுது, தாயி. சொட்டு முழுசா எரியிறதில்ல. பாதி பொகையா வெளிய போயிடுது. இட்லிப் பானையில ஆவி வர்ற மாரி ஆக்கி உள்ள வுட்டா பூரா எரியும். பாதி எண்ணெ போதும்."

"இதெல்லாம் வண்டி செய்யிற ஜப்பான்காரனுக்குத் தெரியாதா?"

"தெரியும்லா. வெளிய சொல்ல மாட்டான். எண்ணெ விக்கிறவன் வுடுவானா?"

முதலில் அவருடைய மோட்டார் சைக்கிளில் செய்து பார்த்தார். அது மூன்று மாதம் இருமிவிட்டுச் செத்தது. சரி, ஓய்ந்தார் என்று நினைத்தாள். அப்புறம் ஒரு நாள் சிரம்பானிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியவள் இறங்க முடியாமல் அப்படியே ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். சன்னாசி வந்து கதவைத் திறந்தார்.

"வேன்ல மாட்டிப் பாக்கட்டுமா? சரியா வந்தா காலை ட்ரிப்பே போதும் நமக்கு. சாயங்காலம் நீ போவ வேணாம்."

"என்னமோ செய்யுங்க," என்றாள் தாயம்மா.

அலுத்துப் போனவள் வாயிலிருந்து வருகிற 'என்னமோ செய்யுங்க' சம்மதமா இல்லையா என்று எந்தப் பஞ்சாயத்தாலும் சொல்லிவிட முடியாது. சன்னாசி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கடையில் முறுக்குப் போட்டு வைக்கிற கனத்த கண்ணாடி ஜாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் ஒரு செப்புக் குழாயைச் சுருட்டி விட்டு, ரேடியேட்டரின் சுடுதண்ணீர் அதில் ஓடும்படி செய்தார். ஜாடியின் அடியில் கொஞ்சம் பெட்ரோல், அது குறையக் குறைய டேங்கிலிருந்து வந்து சேரும். மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றின் வழியாகக் காற்று உள்ளே போகும், மற்றதன் வழியாக ஆவி வெளியே வந்து எஞ்சினுக்குப் போகும். மூடி இறுக்கமாக உட்கார அடியில் ஒரு வளையம் வேண்டுமே? கோழிக்கூட்டின் மேல் பழைய ரப்பர் ஷீட் ஒன்று கிடந்தது. அதிலிருந்து வெட்டி வைத்தார். தோட்டத்தில் பிறந்தவனுக்கு எது ஒழுகினாலும் கை ரப்பரைத்தான் தேடும். கூரைக்கும் அதுதான், தண்ணீர்க் குழாய்க்கும் அதுதான். பிறகு எல்லாவற்றையும் தாயம்மாவின் சீட்டுக்கு அடியில், எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தார்.

முதல் வாரம் வண்டிக்கு இழுவையே இல்லை. மேட்டில் ஊர்ந்தது. தாயம்மா மெதுவாக, நோகாமல் ஓட்டினாள். மங்கம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறவள், வாய் சும்மா இருக்காது.

"என்னாக்கா, சைக்கிளெல்லாம் நம்மள முந்திக்கிட்டுப் போவுது? எறங்கித் தள்ளணுமா?"

"கெடக்குது போ. எண்ணெ மிச்சம்லா," என்றாள் தாயம்மா.

மிச்சம்தான். மீட்டரில் எண்ணெய் முள் வழக்கமாக இறங்குகிற வேகத்தில் இறங்கவில்லை. அவளுக்கே நம்ப முடியவில்லை, விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். அந்த வாரக் கடைசியில் சோறு போடும்போது சொன்னாள்:

"இப்பிடியே போனா ஆயுதபூசையோட சாயங்கால ட்ரிப்ப வுட்ரலாம் போலிருக்கு."

சன்னாசியின் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. அன்று ராத்திரி அவள் புரண்டுகூடப் படுக்காமல் தூங்கினாள். கனவில்கூட வண்டி ஓட்டுகிறவள், அன்று ஓட்டவில்லை.

அடுத்த வாரமும் முள் மெதுவாகவே இறங்கியது, அதற்கடுத்த வாரமும். தாயம்மா பஞ்சாலையிடம் சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஆயுத பூஜையிலிருந்து சாயங்காலம் வண்டி வராது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

"நல்லதுதான், தாயக்கா. ஒடம்பு முக்கியம்," என்றாள் பஞ்சாலை. புருஷன் இல்லாதவள், மகன் விட்டுவிட்டுப் போன இரண்டு பேரப்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவள். இரண்டு நாள் கழித்து, இறங்கும்போது, "வேற வேன்காரங்க யாரும் இவ்ளோ உள்ள வர மாட்டேங்குறாங்க. கேட்டுப் பாத்துட்டேன்," என்றாள். குறை சொல்கிற குரலே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாயம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தது. நாளாக நாளாகக் கூடியது. அவள் முடியில், சேலையில், சாப்பிடுகிற கையில் அந்த வாடை. வண்டியின் பின்னால் நீலமாகப் புகையும் வந்தது. மங்கம்மா துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, "எண்ணெ வாடை அடிக்குதேக்கா?" என்று ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டாள். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றாள் தாயம்மா. கிட்டத்தட்ட இருபத்தைந்து வருஷம் வண்டி ஓட்டியவளுக்கு அது பழைய வண்டியின் வாடை இல்லை என்று தெரியாதா? தெரியும். புருஷனிடம் கேட்டால் ஜாடியைக் கழற்றுவார். ஜாடி போனால் சாயங்கால ட்ரிப் திரும்ப வரும். அதனால் கேட்கவில்லை. மூக்கும் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மங்கம்மா கூட்டம் மொத்தமும் லீவு போட்டுவிடும், காலை ட்ரிப் கிடையாது. பஞ்சாலை கூட்டத்துக்கு லீவு கிடையாது, ஆபிஸ் குப்பைக்கு ஆயுத பூஜை ஏது? ஆனாலும் பூஜை வைத்த வண்டியை மறுநாள்வரை எடுக்கக் கூடாது என்பதால், வருஷத்தில் அந்த ஒரு நாள் நடந்தோ யார் காலிலாவது விழுந்தோ போய்ச் சேருவார்கள். இந்த வருஷம் அந்த ஒரு நாள் முடியப் போவதில்லை. தாயம்மா சாயங்காலம் படுப்பதற்குத் துவைத்த பாயை வெயிலில் போட்டிருந்தாள்.

காலையிலேயே வண்டியைக் கோயில் குழாயடிக்கு ஓட்டிப் போய்ச் சாக்கு போட்டுத் தேய்த்துக் கழுவினாள். வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். மங்கம்மா பூஜைத் தட்டோடு வந்து நின்றாள். மற்றவர்கள் வண்டிக்கு முன்னால் நின்று கற்பூரம் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தாயம்மாவின் முறை வேறு. வண்டி வாங்கிய வருஷமே, "எஞ்சினு என் சீட்டுக்கடியில இருக்குது. மொகத்துக்குக் காட்டாம முதுகுக்கா காட்டுறது?" என்று சீட்டைத் தூக்கி, எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அங்கேயே கற்பூரம் காட்டினாள். வருஷா வருஷம் அப்படித்தான்.

சீட்டில் கை வைத்தபோது சன்னாசி கிட்டே வந்தார்.

"இந்த வருசம் முன்னாலயே காட்டிடேன், தாயி."

"ஏன்?"

நெற்றியில் விபூதி, தோளில் துண்டு, நல்ல கண் தரையைப் பார்த்தது. பூஜை நேரத்தில் இது என்ன பேச்சு என்று அவள் சீட்டைத் தூக்கினாள். சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் சூழ்ந்திருந்தன, வேறு வாடை எதுவும் தெரியவில்லை. சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். ஜாடிக்கும் ஒரு பொட்டு வைத்தாள். அவளுக்கு ஓய்வு கொடுக்கப் போகிற ஜாடி அல்லவா? மங்கம்மா கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை நீட்டினாள். தாயம்மா வாங்கிக் குனிந்தாள்.

'பொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் கேட்டது. நீல நெருப்பு ஜாடியின் மூடியைச் சுற்றி ஓடி முகத்துக்கு எழும்பியது. தட்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. யாரோ அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார்கள். அது சன்னாசி. வண்டி கழுவிய ஈரச் சாக்கை அள்ளி ஜாடியின் மேல் போட்டு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றார். மங்கம்மா வாசல் மண்ணை வாரி வாரிக் கொட்டினாள். நெருப்பு அடங்கியது. சன்னாசி கையை எடுத்தபோது வலது உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. தாயம்மாவுக்கு ஒரு புருவமும் முன்னெற்றி முடியும் பொசுங்கியிருந்தன.

மங்கம்மா குனிந்து தட்டை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

"நேத்து காலையில இதுக்கு மேலதானே நாங்க உக்காந்துட்டுப் போனோம்," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தாயம்மா வாசல்படியில் உட்கார்ந்தாள். மங்கம்மா இரண்டு தடவை கேட்டாள். அவள் பழைய வண்டி என்றாள். ஒரு தூக்கத்துக்காக அத்தனை பெண்களை நெருப்பின் மேல் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். இதை யாரிடம் சொல்லி யாரை ஏசுவது?

சூடு ஆறியபின் ஜாடியைக் கழற்றி வாசலில் வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் ரப்பர் வளையம் கூடவே வந்தது. ஊறிப்போய் இரண்டு மடங்கு தடித்து, கையில் ஒட்டியது. சின்ன வயதில் சைக்கிள் டியூப் ஒட்ட இரண்டு பேருமே பெட்ரோலில் ரப்பரை ஊறப்போட்டுப் பசை செய்தவர்கள்தான். அந்தப் பெட்ரோல் மேலேயே ரப்பரை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஜாடியின் அடியில் பச்சையாக, கெட்டியாக ஏதோ தேங்கியிருந்தது. சன்னாசி சட்டென்று ஜாடியை எடுக்கக் கை நீட்டினார். தாயம்மா விடவில்லை. விரலை விட்டுத் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தாள். டூ-டீ எண்ணெய். புல் வெட்டுகிற மிஷினுக்குப் பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற எண்ணெய். எத்தனை தடவை அவளே கலந்து கொடுத்திருக்கிறாள். வேனுக்கு அதைப் போடுகிற வழக்கமே கிடையாது. பெட்ரோல் ஆவியாகிப் போய்விட்டது. இந்த எண்ணெய்க்கு ஆவியாகத் தெரியாது, நீலப் புகையாய்ப் போனது போக அடியிலேயே தங்கிவிட்டது.

அவள் எழுந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் போனாள். துருப்பிடித்துக் கிடக்க வேண்டிய மிஷின் துடைத்து வைத்திருந்தது. கத்தியில் பச்சைப் புல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் எண்ணெய் டப்பா. திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா?"

"மொத வாரம் நெசமாவே எண்ணெ மிச்சமாச்சு, தாயி," என்றார் சன்னாசி. "வண்டி இழுக்காததால நீ மெதுவா ஓட்டுன. அதனாலதான் மிச்சம், ஜாடியால இல்லன்னு ரெண்டாவது வாரந்தான் வெளங்குச்சு. நீ பழையபடி அழுத்தி மிதிச்சிருப்ப, முள்ளும் பழையபடி எறங்குது. அதுக்குள்ள நீ சாயங்கால ட்ரிப்ப வுடப்போறேன்னு சொல்லிட்ட. அன்னிக்கு ராத்திரி நீ தூங்குனத பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அப்புறம் எப்பிடிச் சொல்றது?"

"அதனால?"

"நீ வண்டியோட வெளிய போனப்புறம் புல்லு வெட்டப் போனேன். அந்தக் காசுல எண்ணெ வாங்கி, நீ படுத்திருக்கிற நேரத்துல டேங்குல ஊத்துனேன். டப்பா ஒண்ணுதான் இருந்துச்சு. மிஷினுக்குக் கலந்ததயே ஊத்திட்டேன். அது தெரிஞ்சிடுமோன்னுதான் சீட்ட தூக்க வேணாம்னு பாத்தேன்."

"எவ்ளோ நாளைக்கு ஊத்துறதா இருந்தீங்க?"

"ஜாடி சரியாவுற வரைக்கும்."

தாயம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல், கல் தெறிக்கிற மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்தக் கண்ணும் போயிருந்தால்? பாவி மனுஷன். ஆத்திரம் வந்தது, ஏசத் தெம்பில்லை. அழுகையும் வரவில்லை, அழுவதற்கும் தெம்பு வேண்டும். உள்ளே போய் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் தடவித் துணி கட்டினாள்.

"பழைய மாரி எல்லாத்தையும் மாட்டுங்க. சாயங்காலம் வண்டி வேணும்."

"இன்னிக்கா? பூசை வெச்ச வண்டிய..."

"பூசைதான் எரிஞ்சி போச்சே," என்றாள்.

வரிசையின் கடைசி வீடு பஞ்சாலையுடையது. அவள் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ரோட்டுக்கு நடக்கப் போகிறாள், இனி தினமும் நடந்தால் எத்தனை நாள் முடியும் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பொசுங்கிய புருவத்தைப் பார்த்தாள்.

"வண்டி வருது, பஞ்சா. மத்தவங்களுக்கும் சொல்லிடு," என்றாள் தாயம்மா.

"அப்ப ஒங்க ஒடம்பு?"

"அது கெடக்குது."

சன்னாசி கட்டுப்போட்ட கையோடு குழாய்களை மாட்டி முடித்திருந்தார். தாயம்மா ஏறுவதற்கு முன் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள், அவர் பார்க்கவே. குனிந்து எல்லா மூலையிலும் முகர்ந்தாள். இதுவரை புருஷன் கை வைத்த வண்டியை அவள் தூக்கிப் பார்த்ததில்லை. இனி தினமும் பார்ப்பாள், இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. காலையில் மங்கம்மா வந்து ஏறுவாளா மாட்டாளா என்பதுதான் தெரியவில்லை.

பஞ்சாலையும் மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். சன்னாசி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து முன் சீட்டில், மங்கம்மாவின் இடத்தில், உட்கார்ந்தார். அவள் சாவியைத் திருப்பினாள். வண்டிக்கு இழுவை திரும்பியிருந்தது. வழியில் பெடாஸ் தாண்டும்போது முள்ளைப் பார்த்தாள். எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

சிரம்பானில் பெண்கள் இறங்கி உள்ளே போனார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. தாயம்மா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, வழக்கம்போல் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னால போயி நீட்டிப் படு. நா முழிச்சிருக்கேன்," என்றார் சன்னாசி.

"ஒத்தக் கண்ண வெச்சிக்கிட்டா?"

"கதவப் பாக்க ஒரு கண்ணு போதும்."

கோபம் போகவில்லை, அவ்வளவு சீக்கிரம் போகிற கோபமும் இல்லை. ஆனால் இடுப்பு அவளைக் கேட்காமலே எழுந்துவிட்டது. பின் சீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினாள். கைப்பையைத் தலைக்கு வைக்கப் போனவள், நிறுத்தி, முன்னால் நீட்டினாள். அவர் கட்டுப்போடாத கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"தெனமும் வரேன்."

"புல்லு மிஷின விக்கணும்."

"வித்துடலாம்."

வெளியே மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் வலது கண்ணைக் கதவின் பக்கம் திருப்பி நேராக உட்கார்ந்தார். தாயம்மா காலை நீட்டினாள். பஞ்சாலை வந்து கண்ணாடியைத் தட்டும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.